நீர்வண்ணத்தில் பூ வரையப் பழகுவோம்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீர்வண்ணத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எனக்குக் கோடே நேராக வராது, பூ எப்படி வரும்?" கோடு சுமாராக இருந்தாலும் பூ பிழைத்துக்கொள்ளும். தாளில் வைத்த தண்ணீர் எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கும் என்று கணிக்கத் தெரியாவிட்டால்தான் பிழைக்காது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதுதான் தாளின் மேலும் வேலை. ஆகவே இந்தக் கட்டுரையில் கோட்டைப் பற்றிக் குறைவாகவும் தண்ணீரைப் பற்றி நிறையவும் பேசப்போகிறேன்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு சொல். நம் பக்கத்தில் பலர் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டோ, யாராவது செய்வதைப் பார்த்துப் பழகியோ இதற்கு வருகிறார்கள். அங்கே பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சு ஏற்றி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, அதன்பின் அடர்த்தியான வண்ணம் தீட்டுவது வழக்கம். பிடிக்காத இடத்தின் மேல் இன்னொரு பூச்சு கொடுத்தால் அடியில் இருப்பது மறைந்துவிடும். நீர்வண்ணத்தில் அந்த வசதி கிடையாது. வண்ணம் ஒளிபுகும், அடியில் இருக்கும் தாளின் வெண்மைதான் பூவுக்கு வெளிச்சம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும். வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தை முதலிலிருந்தே தொடாமல் விட வேண்டும். கை பழகிய ஓவியர்களுக்கே இது ஆரம்பத்தில் எரிச்சலூட்டும்.

என்னென்ன வாங்குவது

காசைத் தாளில் போடுங்கள். பள்ளிக்கூட டிராயிங் தாள் தண்ணீர் பட்டதும் உப்பி, அலை அலையாக வளைந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கிவிடும். தவறு தாளுடையது என்று தெரியாமல், தனக்குத்தான் வரவில்லை என்று விட்டுவிட்டவர்கள் ஏராளம். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, நூறு சதவீதப் பருத்தியால் ஆன தாளைக் கேட்டு வாங்குங்கள். மரக்கூழ்த் தாளைவிட இது பல மடங்கு விலை. ஆனால் பருத்தி ஈரத்தைச் சீராக உள்வாங்கி நீண்ட நேரம் பிடித்துவைக்கும். செலவைக் குறைக்க வழி இருக்கிறது. 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் அளவுள்ள முழுத்தாளாக வாங்கி, 11க்கு 7.5 அங்குலத் துண்டுகளாக எட்டாக வெட்டிக்கொள்ளலாம். ஒரு பூவுக்கு அந்த அளவு தாராளம். பின்பக்கம் பயிற்சிக்கு ஆகும். மேற்பரப்பில் மூன்று வகை வரும். தொடங்குகிறவர்களுக்குக் 'கோல்டு பிரஸ்' எனப்படும் நடுத்தரச் சொரசொரப்பு போதும். மழமழப்பான 'ஹாட் பிரஸ்' நுணுக்கமான தாவர ஓவியத்துக்கு உகந்தது, ஆனால் புதியவர் கையில் திட்டுத் திட்டாகக் காயும்.

வண்ணத்தில் ஆறு டியூப் போதும்: லெமன் யெல்லோ, கேம்போஜ் மஞ்சள், ரோஸ், அல்ட்ராமரின் நீலம், பிரஷ்யன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கேமல் நிறுவனத்திலேயே மாணவர் ரகம், ஆர்ட்டிஸ்ட் ரகம் என்று இரண்டு உண்டு. இரண்டாவதை வாங்கினால் சிறிய அளவில் வண்ணம் எடுத்தாலே நிறம் நிற்கும். போஸ்டர் கலரைத் தவறியும் வாங்காதீர்கள், அது ஒளிபுகாது. ரோஸ் வாங்கும்போது டியூபின் பின்னால் நிறமியின் எண்ணைப் பாருங்கள், பி.வி.19 என்று இருந்தால் நல்லது, வெளிச்சத்தில் சீக்கிரம் மங்காது. பெட்டியோடு வந்த கறுப்பையும் வெள்ளையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

தூரிகை இரண்டு: உருண்டை முனையில் 8ஆம் எண் ஒன்று, 4ஆம் எண் ஒன்று. தண்ணீரில் தோய்த்து உதறினால் முடிகள் தாமாக ஒரே முனையாகக் கூட வேண்டும். அப்படிக் கூடாத தூரிகை வண்ணம் கலக்க மட்டும் ஆகும். வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு குவளைத் தண்ணீர், பழைய வேட்டித் துணி, மாஸ்கிங் டேப், ஒரு பலகை. அவ்வளவுதான். நாகை, வேதாரண்யம் பக்கத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் குடிக்கிற தண்ணீரையே குவளையில் ஊற்றுங்கள்.

பூவுக்கு முன்னால்: மினுப்பைப் பார்க்கப் பழகுதல்

முதல் வாரம் பூவே வரைய வேண்டாம் என்பது என் கட்சி. நிறையப் பேருக்கு இது பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு தாள் துண்டைப் பலகையில் டேப்பால் ஒட்டி, நடுவில் உள்ளங்கை அளவுக்குச் சுத்தமான தண்ணீரைப் பூசுங்கள். சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி தலையைத் தாழ்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் தேங்கி ஆடும். சற்று நேரத்தில் தேக்கம் உள்ளே இறங்கி, பரப்பு முழுவதும் ஒரே சீரான மினுப்பாக நிற்கும். அதன்பின் மினுப்பு அடங்கி, தாள் மங்கலாகத் தெரியும். ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். கடைசியாகக் காயும். புறங்கையை மெல்ல வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரிகிற வரை அது காயவில்லை.

இந்த நான்கில் உங்களுக்கு வேலை இரண்டில்தான். சீரான மினுப்பு நிற்கும்போது வண்ணம் தொட்டால் அது மென்மையாகப் பரவும்; விளிம்பு தெரியாது. முழுவதும் காய்ந்தபின் தொட்டால் கூர்மையான விளிம்பு கிடைக்கும். நடுவில் இருக்கிற மங்கிய ஈரம்தான் வில்லங்கம். அந்த நேரத்தில் தண்ணீர் அதிகமுள்ள தூரிகையை வைத்தால், புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் ஒரு கறையாகச் சேர்த்துவிடும். படத்தைக் கெடுத்தது எது என்று தெரியாமல் விழிக்கும் புதியவர்களில் பெரும்பாலோர் இந்த நேரத்தில் கையை வைத்தவர்கள்தான். விதி எளிது: தாளில் இருக்கும் ஈரத்தைவிடத் தூரிகையில் ஈரம் அதிகமாக இருக்கக் கூடாது. வண்ணத்தைத் தொட்டபின் துணியில் ஒரு முறை ஒற்றி எடுத்துவிட்டுத் தாளுக்குப் போங்கள்.

இதே பயிற்சியை ஒரே நாளில் காலை, நண்பகல், மாலை என மூன்று நேரம் செய்து பாருங்கள். சித்திரை, வைகாசி நண்பகலில் மினுப்பு வந்ததும் போய்விடும். ஐப்பசி அடைமழையில் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் நிற்கும். வெளியூர்க்காரர்கள் எழுதிய பாடங்களில் "இத்தனை நிமிடம் காத்திருக்கவும்" என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் அது பலிக்காது.

முதல் பூ: நெய்வேலிக் காட்டாமணக்கு

எல்லோரும் ரோஜாவில் தொடங்குகிறார்கள். அடுக்கடுக்காக இதழ் வைத்த பூவைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. வாய்க்கால் கரைகளில் கேட்பாரற்று மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை எடுங்கள். ஆடுமாடுகளுக்கு நஞ்சு, வாய்க்காலை அடைக்கும் என்று விவசாயிகள் அதைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓவியம் பழகுகிறவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது. இதழ்கள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றாகச் சேர்ந்து புனல் வடிவத்தில் இருக்கும். வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பு; தொண்டையில் மட்டும் அடர்த்தி. ஒரே ஈரத்தில் முடிந்துவிடும் பூ.

வெயில் ஏறினால் துவண்டுவிடும் என்பதால் காலையில் பறியுங்கள். பால் வடியும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். பூவை நேராக உங்களைப் பார்க்க வைக்காமல், சற்றே பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். அப்போது வாய் நீள்வட்டமாகத் தெரியும். கீழே குழாய் காம்புவரை இறங்கும். பென்சிலில் அந்த நீள்வட்டத்தையும் குழாயையும் மட்டும் மெல்லிதாகப் போடுங்கள். விளிம்பில் ஐந்து மடிப்புகள் லேசாகத் தெரியும், அவற்றுக்கு ஐந்து சிறு வளைவுகள். பென்சில் கோடு கனமாக விழுந்துவிட்டால் வண்ணத்துக்கு முன்பே ரப்பரால் ஒற்றி மங்கவைத்துவிடுங்கள்.

இப்போது 8ஆம் எண் தூரிகையில் சுத்தத் தண்ணீர் எடுத்து, கோட்டுக்குள் பூ முழுவதையும் நனையுங்கள். கோட்டைத் தாண்டாதீர்கள், தண்ணீர் போன இடமெல்லாம் வண்ணமும் போகும். மினுப்பு சீராகும்வரை பொறுங்கள். ரோஸில் அணுவளவு அல்ட்ராமரின் சேர்த்து, நிறையத் தண்ணீரில் கரைத்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தொட்டு விடுங்கள். தூரிகையால் தேய்க்க வேண்டாம், தானே பரவட்டும். மினுப்பு இன்னும் இருக்கும்போதே, அதே கலவையை அடர்த்தியாகக் கலந்து, தூரிகையை ஒற்றியெடுத்து, தொண்டைக்குள் ஒரே தொடுதலாக வையுங்கள். அது வெளிப்புறமாகக் கசிந்து மங்கும். இதற்குமேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கடினமான பகுதி. "இந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம்" என்று போனால் மங்கிய ஈரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

முழுவதும் காய்ந்ததும் 4ஆம் எண் தூரிகையால், தொண்டையிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் ஐந்து மடிப்புக் கோடுகளைச் சற்று அடர்ந்த அதே நிறத்தில் இழுங்கள். பாதி தூரம் வந்ததும் சுத்தமான ஈரத் தூரிகையால் நுனியைத் தொட்டுக் கரைத்துவிடுங்கள். பூ முடிந்தது. ஒரு பூவைச் செதுக்கிக்கொண்டே இருக்காமல், ஒரே காலையில் சின்னச் சின்னதாகப் பல பூக்கள் வரையுங்கள். கை அப்போதுதான் தண்ணீருக்குப் பழகும்.

பூவரசு: மஞ்சளின் நிழல்

அடுத்தது மஞ்சள் பூ. மஞ்சளில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் நிழல். நிழல் என்றால் கறுப்பு என்று நினைத்து மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பாசிப் பச்சை வந்து நிற்கும். பூவரசம் பூவை எடுத்து வைத்துப் பாருங்கள்: இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் நிழல் பழுப்பு கலந்த ஆரஞ்சாகத்தான் இருக்கும். முதலில் லெமன் யெல்லோவை மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். பிறகு கேம்போஜில் சிறிது பர்ன்ட் சியன்னா கலந்து, ஏறும் இதழின் அடியில் மட்டும் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் இருக்குமாறு வையுங்கள். நடுவில் இருக்கும் அரக்கு நிறப் புள்ளிகளுக்கு ரோஸ், பர்ன்ட் சியன்னா, ஒரு துளி அல்ட்ராமரின்.

இந்தப் பூவில் இன்னொரு விருந்தும் இருக்கிறது. காலையில் மஞ்சளாக விரிந்து, மாலைக்குள் செம்மை ஏறி, சிவந்தே உதிரும். ஒரே பூவைக் காலையிலும் மாலையிலும் அருகருகே ஒரே தாளில் வரையுங்கள். மாலைப் பூவுக்கு, காய்ந்த மஞ்சளின் மேல் ரோஸை மிக மெல்லிய பூச்சாகக் கொடுத்தால் போதும். ஒளிபுகும் வண்ணம் எதற்கு உதவும் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். மேல்பூச்சைக் கொடுக்கும்போது தூரிகையை ஒரே முறை இழுங்கள். இரண்டாம் முறை போனால் அடியில் இருக்கும் மஞ்சள் கரைந்து கலங்கும்.

வெள்ளைப் பூக்கள்

மல்லிகையும் முல்லையும் நந்தியாவட்டையும் இல்லாமல் நம் பக்கத்துப் பூப் படம் ஏது? தஞ்சாவூர்ப் பூக்காரத் தெருவில் காலையில் போனால் உதிரியாகவே வாங்கலாம். மல்லிகை மொட்டாகத்தான் வரும், மாலையில் மலரும். மொட்டு வரைவதானால் காலையிலேயே உட்காருங்கள். வாங்கியதை நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி வைத்தால் தாங்கும்.

வெள்ளைப் பூவை வரைவதில் பூவின் மேல் வைக்கும் வண்ணம் மிகக் குறைவு. வரைவது அதன் நிழலையும் அதைச் சுற்றியுள்ள இலையையும்தான். பழகுவதற்கு ஐந்து இதழ் நந்தியாவட்டை நல்லது. பென்சில் கோடு போட்டபின் பூவைத் தொடாமல், பூவுக்கு வெளியே இருக்கும் பச்சையை முதலில் வையுங்கள். வெளிப்பச்சை வந்ததும் உள்ளே வெறும் தாள் பூவாகிவிடும். பிறகு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலை, தாளில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நீர்த்து, இதழ்கள் நடுவில் இறங்கும் இடத்தில் வையுங்கள். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான நிழல். காலை வெளிச்சத்தில் நீலம் பக்கமாகச் சாயுங்கள். மல்லிகை மொட்டின் அடியில் இருக்கும் மெல்லிய பச்சைக்கு லெமன் யெல்லோவில் பிரஷ்யன் நீலம் ஒரு சொட்டு. நிழல் காய்ந்தபின் இன்னும் வெளிறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்வண்ணம் எல்லாமே ஈரத்தில் காட்டுவதைவிடக் காய்ந்தபின் மங்கலாகத்தான் இருக்கும்.

இலை

பூவுக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, இலைக்கு டியூபிலிருந்து நேராகப் பச்சையை எடுத்துப் பூசுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. வில்லியம் ஹூக்கர் (1779–1832) என்ற ஆங்கிலேயத் தாவர ஓவியர் இலைகளுக்கென்றே ஒரு பச்சை கலந்தார். இன்றும் ஹூக்கர்ஸ் கிரீன் என்று அவர் பெயரிலேயே விற்கிறது. அவர் கலந்தது பிரஷ்யன் நீலமும் கேம்போஜும். அந்த இரண்டும் உங்கள் தட்டிலேயே இருக்கின்றன. லெமன் யெல்லோ கூடினால் நாற்றங்கால் பச்சை. பர்ன்ட் சியன்னா சேர்த்தால் முற்றிய இலை. பச்சை கண்ணை உறுத்தினால் ஒரு துளி ரோஸ் போடுங்கள், அடங்கிவிடும். பளபளக்கும் இலைகளில் வானம் பிரதிபலிக்கும் இடம் பச்சையாக இருக்காது. மிக வெளிறிய நீலமாகவோ வெறும் தாளாகவோ விட்டுவிடுங்கள்.

தாமரையை எப்போது எடுப்பது

கோயில் குளத்தைப் பார்த்ததும் கை தாமரைக்குத்தான் போகும். கொஞ்ச காலம் பொறுங்கள். ஒவ்வொரு இதழும் வெவ்வேறு கோணத்தில் குழிந்திருக்கும். ஒன்று காய்ந்தபின்தான் அடுத்த இதழைத் தொடலாம். பக்கத்துப் பக்கத்து இதழ்களை ஈரத்தோடு வரைந்தால் இரண்டும் ஓடிக் கலந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்து வாருங்கள். நுனியில் ரோஸ் அடர்த்தி, அடியில் வெறும் தாள். நரம்புகள் நீளவாக்கில் ஓடுவதை ஒவ்வொன்றாகக் கோடு போடாமல் இரண்டு மூன்றில் நிறுத்துங்கள்.

தாமரைக்கும் அல்லிக்கும் இலையைக் குழப்பாதீர்கள். அல்லி இலை நீரில் மிதக்கும், ஒரு பக்கம் காம்புவரை பிளந்திருக்கும். தாமரை இலையில் அந்தப் பிளவு கிடையாது. காம்பு நடுவில் வந்து சேரும், முற்றிய இலை நீருக்கு மேலே எழுந்து நிற்கும். பிளந்த தாமரை இலையை வாழ்த்து அட்டைகளில் அடிக்கடி பார்க்கலாம். குளக்கரையில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்திருந்தால் வராத பிழை அது.

தாமரை வந்துவிட்டால் கார்த்திகையில் வேலியோரத்துச் செங்காந்தளைத் தேடலாம். ஆறு இதழ்கள் பின்னோக்கி வளைந்து, விளிம்பு நெளிந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருக்கும். மஞ்சளை முதலில் முழுவதும் பூசி, மினுப்பு நிற்கும்போதே நுனியிலிருந்து சிவப்பை விடுங்கள். சிவப்புக்கு ரோஸும் கேம்போஜும். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும், அதை விட்டுவிடாதீர்கள். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கும் விதையும் கொடியவை. பறிக்காமல் இருந்த இடத்திலேயே வரைவது எல்லாவற்றுக்கும் நல்லது.

பின்னணியில் என்ன வரைவது என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம். 1828க்குப் பின் சில ஆண்டுகள் நாகப்பட்டினத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள் தென்னிந்தியச் செடிகளை வரைந்தார்கள். வெறும் தாளில் ஒரு கிளை, பூ, காய், பிரித்துப் போட்ட பூவின் உறுப்புகள் என்பதுதான் அவர்கள் முறை. மூலப் படங்களில் பல எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. இலை காம்பில் எப்படிச் சேர்கிறது, மொட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவர்களிடமிருந்து படிக்கலாம்.

வெயிலும் மழையும்

அக்கினி நட்சத்திர நாட்களில் தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்து, வழுவழுப்பான தரை டைல் ஒன்றின் மேல் படியவைத்து வரையுங்கள். ஈரம் அதிக நேரம் நிற்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்வை தாளில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடிக் கடற்கரை மாதிரி காற்று அடிக்கும் இடத்தில் ஈரத்தின் மேல் ஈரம் வேலையே வேண்டாம். காய்ந்த தாளில் வரையும் முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் பிரச்சினை நேர்மாறு. பூச்சுக்குப் பூச்சு காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் முடி உலர்த்தியைக் கைநீளத் தூரத்தில் பிடிக்கலாம், மினுப்பு அடங்கியபின் மட்டும். அதற்கு முன் பிடித்தால் காற்று வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போகும். தட்டை ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தாளுக்கும் அதே ஆபத்துதான். தாளின் மேல் உள்ள பசையைப் பூஞ்சை தின்றுவிட்டால் அந்த இடம் மட்டும் வண்ணத்தை உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகக் காட்டும். வெறும் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியாது. புரட்டாசி முடிவதற்குள் தாள்களை, மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இறுக்கமான பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிடுங்கள்.

முடித்த படத்தைச் சட்டம் போடும்போது, கண்ணாடி தாளில் ஒட்டாதபடி நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். நேர் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். அலிசரின் கிரிம்சன் மாதிரி மங்கக்கூடிய சிவப்பில் வரைந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. உங்களிடம் இருக்கும் வண்ணங்களில் எது தாங்கும் என்று தெரிந்துகொள்ள, ஒரு தாளில் எல்லாவற்றையும் கீற்றாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்குச் சன்னலில் ஒட்டிவிடுங்கள். கோடை முழுவதும் அங்கேயே இருக்கட்டும். ஆடியில் எடுத்து, மூடிய பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த டியூப் வாங்கப் போங்கள்.